எடிட்டருக்குள் ஒரு மொழி

கொஞ்சம் நீளமான பதிவு. அலுவலகத்தில் திறந்தவர்கள் சேமித்து வைத்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு படியுங்கள்.

இன்றைக்கும் சரித்திரம்தான். ஆனால் ராஜா ராணி கதை இல்லை. உங்களில் பலர் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறீர்கள். தச்சருக்கு உளி எப்படியோ, உங்களுக்கு டெக்ஸ்ட் எடிட்டர் அப்படி. அந்த எடிட்டருக்குள்ளேயே ஒரு குட்டி மொழி குடியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது, எடிட்டருக்கு எடிட்டர் ஏன் வேறுபடுகிறது, அதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதுதான் இன்றைய பாடம். ஓய்வு பெற்ற பிறகு மகனுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுக்கொண்டு இவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. தெரிந்துகொண்டதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. டீச்சர் உத்தியோகம் போனாலும் அந்தப் பழக்கம் போகாது.

எடிட்டர் என்றால் என்ன என்று கேட்கும் தம்பி, தங்கை, மருமக்களுக்கு ஒரு வார்த்தை. எழுத்துகளை அடிக்க, அழிக்க, தேட, மாற்ற உதவும் புரோகிராம் அது. படம், அலங்காரம், தலைப்பு அளவு எதுவும் இருக்காது. வெறும் எழுத்து. கம்ப்யூட்டர் புரோகிராம்கள் எல்லாம் அதில்தான் எழுதப்படுகின்றன.

சரி, எழுத்து அடிக்கிற கருவிக்குள் தனியாக ஒரு மொழி எதற்கு?

நம் பழைய மாணவர் சந்திப்புக்கு ஒரு பட்டியல் தயாரித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பலர் பெயரை முதலில் எழுதி இனிஷியலைக் கடைசியில் போட்டிருந்தார்கள். இனிஷியல் முன்னால் வர வேண்டும். ஒரு வரியை நான் கையால் மாற்றினேன். மாற்றும்போதே எந்தெந்த பட்டனை அழுத்துகிறேன் என்பதை எடிட்டரைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பிறகு அதையே மற்ற வரிகளுக்கும் செய் என்றேன். இதற்குப் பெயர் மேக்ரோ. கிளிப்பிள்ளை மாதிரி, செய்து காட்டியதைத் திருப்பிச் செய்யும்.

ஆனால் சிலருக்கு இரண்டு இனிஷியல். சிலருக்கு ஒன்றுமே இல்லை. அங்கே கிளிப்பிள்ளை தடுமாறும். "இனிஷியல் இருந்தால் மட்டும் மாற்று; இரண்டு இருந்தால் இரண்டையும் மாற்று; இல்லாவிட்டால் விட்டுவிடு" என்று சொல்ல வேண்டும். "இருந்தால்", "இல்லாவிட்டால்" என்ற சொற்கள் வந்த உடனே அது மொழி ஆகிவிடுகிறது. இந்தத் தேவைதான் எல்லா எடிட்டர் மொழிகளுக்கும் தாய்.

இந்த மொழிகளை ஒப்பிட இரண்டு அளவுகோல் வைத்துக்கொள்வோம். ஒன்று, முதல் படி எவ்வளவு உயரம்? அதாவது புதிதாக வருபவர் சுலபமாகக் காலெடுத்து வைக்க முடியுமா? இரண்டு, படிக்கட்டு எவ்வளவு தூரம் போகிறது? முதல் படி ஏறியவர் கடைசி வரை போக முடியுமா, பாதியில் படி உடைந்து நிற்குமா? இந்த இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு சரித்திரத்துக்குள் போகலாம்.

முதலில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1962, 63 வாக்கில் அங்கே டான் மர்ஃபி என்பவர் பி.டி.பி-1 என்ற கம்ப்யூட்டருக்காக டெக்கோ என்ற எடிட்டரை எழுதினார். அப்போது புரோகிராம்களை ஓட்டை போட்ட காகித நாடாவில் வைத்திருந்தார்கள். அந்த நாடாவைத் திருத்துவதற்கான கருவி என்பதே டெக்கோ என்ற பெயரின் முதல் பொருள். இன்று போல் திரையில் பார்த்துக்கொண்டே திருத்துவது கிடையாது. "இத்தனையாவது வரிக்குப் போ, இதைத் தேடு, அதை நீக்கு, இதைச் செருகு" என்று கட்டளைகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டளைகளையே வரிசையாக எழுதுவதால், திரும்பச் செய்வதற்கும் நிபந்தனைக்கும் கட்டளைகள் சேர்ந்தபோது எடிட்டரே ஒரு புரோகிராம் மொழியாகிவிட்டது.

டெக்கோவில் கிட்டத்தட்ட ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டளை. அதனால் எழுதிய புரோகிராமைப் பார்த்தால் பூனை கீபோர்டில் நடந்த மாதிரி இருக்கும். தன் பெயரைக் கட்டளையாக அடித்தால் எடிட்டர் என்ன செய்யும் என்று முன்கூட்டியே சொல்வது அந்தக் காலத்து புரோகிராமர்களிடையே ஒரு விளையாட்டு. நம் அளவுகோலில் சொன்னால், படிக்கட்டு நீளமாகத்தான் இருந்தது. ஆனால் ஏறியவர் மறுநாள் வந்து பார்த்தால் நேற்று எழுதியது அவருக்கே புரியாது.

1970களில் எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் டெக்கோவுக்குத் திரை வசதி வந்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் என்ற இளைஞர், எந்த பட்டனை அழுத்தினாலும் நாம் எழுதிய மேக்ரோ ஓடும்படி ஒரு வசதி செய்தார். அவ்வளவுதான், ஆளாளுக்குத் தன் விருப்பப்படி மேக்ரோக்களை எழுதிக் குவித்தார்கள். ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்தால் எந்த பட்டன் என்ன செய்யும் என்றே தெரியாத நிலை. நம் ஸ்டாஃப் ரூமில் ஒவ்வொரு டீச்சரும் ஒவ்வொரு மாதிரி ரிஜிஸ்டர் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. கை ஸ்டீல் இவற்றை ஒழுங்குபடுத்தும் வேலையைத் தொடங்கினார், ஸ்டால்மன் அதை எடுத்து முடித்தார். 1976இல் உருவான அந்தத் தொகுப்புதான் ஈமேக்ஸ். "எடிட்டர் மேக்ரோக்கள்" என்பதன் சுருக்கமே அந்தப் பெயர்.

இப்போது கதையின் நடுநாயகமான இடத்துக்கு வருகிறோம். 1978இல் பெர்னார்ட் கிரீன்பெர்க் என்பவர் மல்டிக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்புக்காக ஈமேக்ஸைப் புதிதாக எழுதினார். ஆனால் டெக்கோவில் எழுதவில்லை. லிஸ்ப் என்ற முழுமையான மொழியில் எழுதினார். லிஸ்ப், ஜான் மெக்கார்த்தி 1958இல் வடிவமைத்த மொழி. அதன் இலக்கணம் மிக எளிது. அடைப்புக்குறி போடு, முதலில் வினையை எழுது, பிறகு பொருள்களை எழுது, அடைப்புக்குறியை மூடு. தமிழில் எழுதிக் காட்டினால் (கூட்டு 2 3 4) என்பது போல. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும், லிஸ்பில் முதலில் வரும். மற்றபடி உயிர், மெய், உயிர்மெய் போல ஒரே விதி எங்கும் செல்லும். விதிவிலக்கு குறைவு.

கிரீன்பெர்க்கின் அலுவலகத்தில் செயலாளர்களாக வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள். கடிதம் டைப் அடிப்பவர்கள். இந்த எடிட்டரை நம் வசதிக்கு எப்படி மாற்றிக்கொள்வது என்று யாரோ எழுதிய ஒரு கையேடு அவர்களிடம் இருந்தது. அந்தக் கையேட்டில் "இது புரோகிராமிங்" என்று எங்கும் எழுதவில்லை. அவர்களோ புரோகிராமிங் எல்லாம் நமக்கு வராது என்று நம்பியவர்கள். அந்தச் சொல் கண்ணில் படாததால் பயமும் வரவில்லை. படித்தார்கள், செய்து பார்த்தார்கள், பயனுள்ள கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொண்டார்கள். கடைசியில் புரோகிராம் எழுதவே கற்றுக்கொண்டுவிட்டார்கள். ஸ்டால்மன் 2002இல் ஒரு லிஸ்ப் மாநாட்டில் இதைச் சொல்லியிருக்கிறார்.

முப்பது வருஷத்துக்கும் மேல் வகுப்பறையில் நின்றவள் என்பதால் இந்தச் செய்தியைப் படித்ததும் என் மனம் அங்கேயே நின்றுவிட்டது. "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று எத்தனை பிள்ளைகள் சொல்லியிருக்கிறீர்கள்! அதே பிள்ளை கடையில் மீதிச் சில்லறையைக் கணப்பொழுதில் சரியாக வாங்கி வரும். அங்கே அதற்குப் பெயர் கணக்கு இல்லை, கடைக்குப் போவது. மல்டிக்ஸ் செயலாளர்களுக்கு நடந்ததும் அதுவே. முதல் படி தாழ்வாக இருந்தது, மேலே போகப் போகப் படிக்கட்டும் உடையவில்லை.

படிக்கட்டு உடைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1981இல் ஜேம்ஸ் காஸ்லிங் யூனிக்ஸ் கம்ப்யூட்டர்களுக்காக ஒரு ஈமேக்ஸ் எழுதினார். பின்னாளில் ஜாவா மொழியை உருவாக்கியவர் இவரே. அந்த எடிட்டருக்குள் மாக்லிஸ்ப் என்ற மொழி இருந்தது. பார்க்க லிஸ்ப் மாதிரியே இருக்கும், அடைப்புக்குறி எல்லாம் உண்டு. ஆனால் லிஸ்பின் உயிர்நாடியான பட்டியல் என்ற வசதியே அதில் கிடையாது. கோலம் இருக்கிறது, புள்ளி இல்லை. ஸ்டால்மன் 1984இல் ஜி.என்.யூ. ஈமேக்ஸை எழுதத் தொடங்கியபோது உள்ளே உண்மையான லிஸ்பையே வைப்பது என்று முடிவு செய்தார். 1985இல் அது வெளிவந்தது. அடித்தளம் மட்டும் சி மொழியில். அதன் மேல் எழும்பிய வீடு பெரும்பாலும் ஈமேக்ஸ் லிஸ்பில். எந்த பட்டன் என்ன செய்கிறது என்று அந்த எடிட்டரையே கேட்கலாம். விளக்கம் சொல்லும், அதை எழுதிய புரோகிராம் வரியையும் திறந்து காட்டும். அந்த வரியை நீங்கள் அங்கேயே மாற்றலாம். மூடித் திறக்கக்கூட வேண்டாம்.

இதிலும் குறை உண்டு. ஒரு பெயருக்கு என்ன பொருள் என்பதை ஈமேக்ஸ் லிஸ்ப் முடிவு செய்த விதம் விசித்திரமானது. ஒரு கடிதத்தில் "நம் தெரு பிள்ளையார் கோயில்" என்று எழுதியிருக்கிறது. எந்தக் கோயில்? எழுதியவர் ஊர்க் கோயில் என்று நாம் எடுத்துக்கொள்வோம். பழைய ஈமேக்ஸ் லிஸ்ப், கடிதம் எந்த ஊரில் வாசிக்கப்படுகிறதோ அந்த ஊர்க் கோயில் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டால்மன் இதைத் தெரிந்தேதான் வைத்தார். அடுத்தவர் எழுதியதன் நடத்தையை வெளியிலிருந்து மாற்ற இது வசதி என்பது அவர் வாதம். ஆனால் பெரிய புரோகிராம்களில் இது குழப்பத்துக்கு இடம் கொடுத்தது. எழுதிய ஊரையே கணக்கில் கொள்ளும் முறையைத் தேர்ந்தெடுக்கும் வசதி 2012இல் ஈமேக்ஸ் 24 வந்தபோதுதான் கிடைத்தது.

இனி இன்னொரு வம்சாவளி. யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சன் எழுதிய எடிட்டருக்கு எட் என்று பெயர். திரை இல்லாத காலத்துக் கருவி, வரி வரியாகக் கட்டளை கொடுக்க வேண்டும். பெர்க்லியில் மாணவராக இருந்த பில் ஜாய் அந்த வழியில் 1976 வாக்கில் எக்ஸ் என்ற எடிட்டரை எழுதினார். அதன் திரை வடிவம்தான் வீ-ஐ. அவர் வீட்டிலிருந்து வேலை செய்த மோடத்தின் வேகம் 300 பாட், அதாவது நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 24 வரி, வரிக்கு 80 எழுத்து கொண்ட திரை முழுவதையும் மறுபடி வரைய ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920ஐ 30ஆல் வகுத்தால் 64 நொடி. அதனால் ஒரு எழுத்துக் கட்டளையில் நிறைய வேலை நடக்க வேண்டும். "நீக்கு" என்பதற்கு ஒரு எழுத்து, "சொல்" என்பதற்கு ஒரு எழுத்து. இரண்டையும் சேர்த்தால் "சொல்லை நீக்கு". நடுவில் 3 போட்டால் "மூன்று சொல்லை நீக்கு". வினையும் பெயரும் சேர்ந்து வாக்கியம் ஆவது போன்ற ஒரு இலக்கணம்.

ஆனால் வீ-ஐக்குள் தனி மொழி எதுவும் இல்லை. அது வந்தது விம்மில். விம் என்றதும் பாத்திரம் தேய்க்கும் சோப்பை நினைக்காதீர்கள். நெதர்லாந்துக்காரரான பிராம் மூலனார் 1991இல் வெளியிட்ட எடிட்டர் அது. 1998இல் விம் 5 வந்தபோது அதில் விம் ஸ்கிரிப்ட் என்ற மொழி சேர்ந்தது. அது எப்படிப் பிறந்தது என்பதில்தான் அதன் குணம் இருக்கிறது. யாரும் உட்கார்ந்து வடிவமைத்த மொழி இல்லை. எட், எக்ஸ் வழியாக வந்த கட்டளைகளுக்கு "இருந்தால்", "திரும்பச் செய்" போன்றவை ஒட்டப்பட்டன. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் ஒரு அறை, தம்பிக்குக் கல்யாணம் ஆனதும் மாடியில் ஒரு அறை என்று கட்டிக்கொண்டே போன வீடு மாதிரி.

அந்த வீட்டின் வசதியைச் சொல்லிவிட வேண்டும். நீங்கள் தினமும் எடிட்டரில் அடிக்கும் கட்டளை வரியை அப்படியே எடுத்து ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் அதுவே ஸ்கிரிப்ட். புதிதாக எதுவும் கற்க வேண்டாம். முதல் படி இதைவிடத் தாழ்வாக இருக்க முடியாது. ஈமேக்ஸில் முதல் நாளே அடைப்புக்குறிகளைச் சந்தித்தாக வேண்டும்.

சிக்கல் நடுப்படிகளில். விம் ஸ்கிரிப்டில் இரட்டை மேற்கோள் குறி சில இடத்தில் சொற்களைச் சுற்றி வரும், சில இடத்தில் "இது குறிப்பு, விட்டுவிடு" என்று பொருள் தரும். மேற்கோளுக்குள் இருக்கும் 10 என்ற எழுத்தையும் 5 என்ற எண்ணையும் கூட்டினால் 15 என்று சொல்லும். மேற்கோளுக்குள் எண்ணே இல்லாமல் வெறும் சொல் இருந்தால் அதைப் பூஜ்யமாக நினைத்துக்கொண்டு 5 என்று விடை தரும். தப்பு என்று சொல்லாது. விடைத்தாளில் கேள்வியையே எழுதி வைத்த பிள்ளைக்கு மார்க் போடுவது போல இது. பட்டியல் என்ற வசதியே 2006இல் விம் 7 வந்தபோதுதான் சேர்ந்தது. வேகமும் குறைவு. 2022 ஜூனில் விம் 9 வெளிவந்தபோது மூலனார் மொழியைச் சீர்திருத்தி ஒரு புதிய வடிவம் கொடுத்தார். 10 முதல் 100 மடங்கு வரை வேகம் கூடலாம் என்று அதன் கையேடு சொல்கிறது. பழைய ஸ்கிரிப்டுகளும் ஓட வேண்டும் என்பதால் பழைய வடிவத்தையும் எடுத்துவிடவில்லை. 2023 ஆகஸ்ட் 3ஆம் தேதி அவர் காலமானார்.

மூலனாரைப் பற்றி இன்னொன்று. 1994இல் உகாண்டாவின் கிபாலே என்ற ஊரில் உள்ள குழந்தைகள் மையத்தில் ஓராண்டு தன்னார்வலராக இருந்து, தண்ணீர், சுகாதாரப் பணிகளில் உதவியவர். விம்மை இலவசமாகக் கொடுத்துவிட்டு, பிடித்திருந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று எடிட்டரின் முதல் திரையிலேயே எழுதி வைத்தார். ஃபைல் எதையும் திறக்காமல் விம்மைத் திறப்பவர் கண்ணில் அந்த வரி படும்.

ஒவ்வொரு கருவியும் தனக்கென்று ஒரு அரைகுறை மொழியைச் செய்துகொள்வது வீண் வேலை என்று நினைத்தவர் ஒருவர் உண்டு. பெர்க்லி பேராசிரியர் ஜான் அவுஸ்டர்ஹவுட். ஒரே மொழியை நன்றாகச் செய்து வைத்தால், எந்தக் கருவிக்குள்ளும் அதைப் பதித்துக்கொள்ளலாமே என்பது அவர் யோசனை. 1988இல் டி.சி.எல். என்ற மொழியை எழுதினார். அதை முதலில் பயன்படுத்திப் பார்த்ததும் ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில்தான். ஆனால் 1994இல் ஸ்டால்மன், டி.சி.எல்.லைப் பயன்படுத்தாதீர்கள் என்று பகிரங்கமாக எழுதினார். சின்னச் சின்ன வேலைக்கு என்று செய்த மொழியில் மக்கள் பெரிய புரோகிராம் எழுதத்தான் போகிறார்கள், அதனால் ஆரம்பத்திலேயே முழுமையான மொழியை வையுங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். விம் ஸ்கிரிப்டின் பிற்காலச் சிரமங்களைப் பார்த்தால் அந்த வாதத்தின் பலம் தெரிகிறது.

பதிக்கும் மொழி என்ற யோசனை எடிட்டர் உலகத்தில் நன்றாக வேர்விட்டது இன்னொரு மொழி வழியாக. பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், 1993இல் மூன்று பேர் சேர்ந்து லுவா என்ற மொழியை உருவாக்கினார்கள். ரோபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ். அதற்கு முந்தைய ஆண்டுகளில் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பொருள்களை இறக்குமதி செய்ய அந்த நாட்டில் கடுமையான தடைகள் இருந்தன. வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அப்படித்தான் வளர்ந்தது. அந்த நாட்டு எண்ணெய் நிறுவனமான பெட்ரோபிராஸின் வேலைகளுக்காகப் பிறந்த மொழி இது. முந்தைய மொழி ஒன்றுக்கு சோல் என்று பெயர், போர்ச்சுகீசியத்தில் சூரியன். அதனால் அடுத்ததற்கு லுவா, சந்திரன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் விளையாடும் ரோப்ளாக்ஸுக்குள் இருப்பதும் லுவாவிலிருந்து பிரிந்த மொழிதான்.

2014இல் விம்மிலிருந்து நியோவிம் என்ற எடிட்டர் பிரிந்தது. 2021இல் அதன் 0.5 பதிப்பு வந்தபோது, எடிட்டர் அமைப்பு முழுவதையும் லுவாவிலேயே எழுத முடியும் என்றானது. லுவா சின்ன மொழி, வேகமானது, விதிகள் குறைவு. பட்டியலை 0 என்று தொடங்காமல் 1 என்று எண்ணும். ஒன்றாம் வகுப்பு பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த எனக்கு அதில் ஒரு திருப்தி. ஆனால் ஒரு விலை உண்டு. விம்மில் ஒரு வரியில் முடிகிற அமைப்பு, லுவாவில் கொஞ்சம் நீளும். முதல் படி சற்று உயர்ந்தது, நடுப்படிகள் பலமாயின.

இன்று உங்களில் பெரும்பாலோர் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் வி.எஸ். கோட். அது 2015இல் அறிமுகமானது. அதற்கு முன்பே 2014இல் கிட்ஹப் நிறுவனம் ஆட்டம் என்ற எடிட்டரை வெளியிட்டிருந்தது. இரண்டும் இணையப் பக்கங்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் மேல் கட்டப்பட்டவை. ஆட்டத்துக்காகச் செய்த எலக்ட்ரான் என்ற அடித்தளத்தின் மேல்தான் வி.எஸ். கோடும் நிற்கிறது. இதில் ஒரு வேடிக்கை. பிரெண்டன் ஐக் 1995இல் ஜாவாஸ்கிரிப்டைப் பத்து நாளில் எழுதினார் என்பது பலருக்குத் தெரியும். நெட்ஸ்கேப் நிறுவனம் அவரை வேலைக்கு அழைத்தபோது சொன்னது, லிஸ்ப் குடும்பத்து மொழியான ஸ்கீமை பிரௌசருக்குள் வைக்கலாம் என்று! லிஸ்ப் நேராக வரவில்லை. அதன் சாயல் சுற்றி வளைத்து வந்து சேர்ந்தது.

வி.எஸ். கோடில் நீட்சிகள் எனப்படும் எக்ஸ்டென்ஷன்கள் தனி அறையில் ஓடுகின்றன. ஒன்று தடுமாறினாலும் எடிட்டர் நிற்காமல் இருக்க இந்த ஏற்பாடு. ஈமேக்ஸில் எல்லாம் ஒரே கூடத்தில் நடக்கும். எதையும் தொடலாம், எதையும் உடைக்கவும் செய்யலாம். பாதுகாப்பு என்று பார்த்தால் தனி அறையே மேல்.

ஆனால் நம் முதல் அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். ஆட்டத்தில் ஈமேக்ஸ் போலவே ஒரு தொடக்க ஃபைல் இருந்தது, அதில் இரண்டு வரி புரோகிராம் எழுதிவிடலாம். அந்த எடிட்டரை 2022 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். வி.எஸ். கோடின் அமைப்பு ஃபைலில் "எழுத்து அளவு இவ்வளவு, நிறம் இது" என்று விவரம்தான் எழுதலாம். "இருந்தால்", "இல்லாவிட்டால்" என்று எழுத முடியாது. அதற்கு முறைப்படி ஒரு எக்ஸ்டென்ஷன் தயாரிக்க வேண்டும், விவரக் குறிப்பு ஃபைல் வேண்டும், தனிப் புரோகிராம் வேண்டும். ஏறியவருக்குப் படிக்கட்டு நீளமாகவே இருக்கிறது. ஆனால் முதல் படி இடுப்பு உயரம். அதனால் பெரும்பாலோர் ஏறுவதில்லை. யாரோ செய்து வைத்ததைத் தேடி எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். தொழில் தெரிந்தவருக்கு அது சிரமமில்லை. அந்த மல்டிக்ஸ் செயலாளர்கள் இன்று வந்தால் என்ன செய்வார்கள் என்பதுதான் என் கேள்வி.

கதவைத் திறந்து வைத்தால் திருடனும் வருவான் என்று சொல்பவர்கள் உண்டு. அது நியாயமான பயம்தான். எடிட்டர்களின் உறவுக்காரரான மைக்ரோசாஃப்ட் வேர்டில் மேக்ரோ மொழி உண்டு. 1995இல் கான்செப்ட் என்ற வைரஸ் அந்த மொழியிலேயே எழுதப்பட்டுப் பரவியது. 1999இல் மெலிசா மின்னஞ்சல் வழியாக உலகத்தையே கலக்கியது. விம்மிலும் நியோவிம்மிலும்கூட, ஒரு ஃபைலைத் திறந்தாலே அதில் ஒளிந்திருக்கும் கட்டளை ஓடிவிடும் ஓட்டை ஒன்றை 2019இல் கண்டுபிடித்து அடைத்தார்கள். அடுத்தவர் கொடுத்த ஃபைலில் உள்ள கட்டளையைக் கேட்காமல் ஓட்டக் கூடாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம். அதற்காக என் வீட்டுக் கட்டளையை நானே எழுதும் வழியை அடைக்க வேண்டியதில்லை.

நம் மொழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜப்பானைச் சேர்ந்த கெனிச்சி ஹாண்டாவும் அவர் குழுவினரும் ஈமேக்ஸைப் பல மொழிகளும் எழுதத் தக்கதாக மாற்றினார்கள். அது 1997இல் ஈமேக்ஸ் 20இல் இணைந்தது. இன்று ஈமேக்ஸில் தமிழ் எழுத உதவும் உள்ளீட்டு முறைகள் அந்த அடித்தளத்தின் மேல் ஈமேக்ஸ் லிஸ்பில் எழுதப்பட்டவை. விம்மில் யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி முறைக்கான தமிழ் விசைப்பலகை ஃபைல் ஒன்று இருக்கிறது. இந்த பட்டனுக்கு இந்த எழுத்து என்று போட்ட அட்டவணை, அவ்வளவுதான். எடிட்டரின் உட்பகுதியைத் தொடாமலே ஒரு மொழிக்காரர் தன் எழுத்தைக் கொண்டுவந்து சேர்க்க முடிந்தது, உள்ளே ஒரு மொழி இருந்ததால்.

ஆகப் பிள்ளைகளே, எந்த எடிட்டர் உசத்தி என்று சண்டை போடுவதற்காக இதை எழுதவில்லை. ஈமேக்ஸ் ஆரம்பத்திலேயே முழு மொழியை வைத்தது, நாற்பது வருஷம் தாண்டியும் அதே அஸ்திவாரத்தில் நிற்கிறது. விம் முதல் படியைத் தரையோடு வைத்தது, நடுப்படிகளைப் பின்னால் பழுது பார்த்தது. நியோவிம் வெளியிலிருந்து நல்ல மொழியை வரவழைத்தது. வி.எஸ். கோட் பாதுகாப்பையும் ஒழுங்கையும் கொடுத்தது, முதல் படியை உயர்த்திவிட்டது. ஒவ்வொன்றும் தன் காலத்துத் தேவைக்குச் செய்த தேர்வு.

நான் உங்களிடம் கேட்பது இரண்டு. இந்தத் துறையில் கருவி செய்கிறவர்களே, தெரியாதவர் காலெடுத்து வைக்கிற படியை ஒரு தடவை குனிந்து அளந்து பாருங்கள். உங்களுக்குப் பின்னால் வருபவருக்குச் சொல்லிக் கொடுக்கும்போது பெரிய பெயர்களை முதலில் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். வேலையைச் செய்ய வையுங்கள், பெயரை அப்புறம் சொல்லலாம்.

இந்தத் துறையில் இல்லாதவர்களே, "அதெல்லாம் நமக்கு வராது" என்று சொல்லாதீர்கள். உங்கள் கடைக் கணக்கோ, சங்கத்து உறுப்பினர் பட்டியலோ, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பக் கையால் செய்துகொண்டிருந்தால், அந்தக் கருவிக்குள் ஒரு மொழி இருக்கிறதா என்று வீட்டுப் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு வரி எழுதிப் பாருங்கள்.

நீங்கள் எந்த எடிட்டர் பயன்படுத்துகிறீர்கள், அதில் நீங்களாக எழுதிய முதல் வரி எது என்று கீழே எழுதுங்கள். தமிழில் எழுதினால் பத்துக்குப் பத்து மார்க். எல்லாரும் நலமாக இருங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்.